ராசு காட்டுச் சாமை

அக். 6, திங்கள்

காலையிலிருந்து பனிமூட்டம். துவைத்தது எதுவும் காயவில்லை. பி.பி. மாத்திரை தீர்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் விவசாய ஆபீசர் கூட்டம் போட்டார். மலையில் எல்லோரும் மரவள்ளிக்கு மாறுகிறார்களாம், சாமையைக் காப்பாற்ற வேண்டுமாம். அதனால் சாமை போட்டவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை. நல்ல எண்ணம்தான். அப்புறம் நிபந்தனை. அவரவர் காட்டில் பயிரோடு நின்று ஆப்பில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். எந்த இடத்திலிருந்து வந்தது என்று ஆப்பே காட்டிக்கொடுக்கும்.

பள்ளத்துக் காடுகளில் டவர் இல்லை என்றேன். "ட்ரை பண்ணிப் பாருங்க மேடம்."

எதிர் வீட்டு வள்ளியம்மை என்னைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் அ, ஆ படித்தவள். டச் போன் என்னிடம்தான் இருக்கிறது. மலைக்குக் கீழிருந்து வரும் வியாபாரி ஒருவன் அவள் காட்டை மரவள்ளிக்குக் கேட்கிறான். வெள்ளிக்குள் பதில் வேண்டுமாம். "ஊக்கத்தொகை வந்தா வர்ற பட்டத்துக்கும் சாமையே போட்டுக்குவனுங்க டீச்சர். இல்லீன்னா அவனுக்குத் தலையாட்டிருவேன்."

அக். 7, செவ்வாய்

அவள் காட்டுக்கு இறங்கினோம். முட்டிவலி. கதிர் நன்றாகச் சாய்ந்திருக்கிறது. தடவினால் கோழிக்குஞ்சைத் தொடுவது போல. போட்டோ எடுத்தேன். போகவில்லை. போனில் வட்டம் சுற்றியபடியே. மேலே ஏறி, மூச்சு வாங்கி, பஸ் ஸ்டாப் வந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

இரவு கஞ்சி மட்டும்.

அக். 8, புதன்

ஆபீசர் வள்ளியம்மையிடம் போனைக் காட்டிச் சிரித்தார். "ஏம்மா, உன் சாமை பஸ் ஸ்டாப்புலயா வெளையுது? இடம் அப்படித்தான் காட்டுது. ரிஜெக்ட் ஆயிடுச்சு."

மூன்றாம் வகுப்புக்குச் சொல்வது போல விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "புரியுது மேடம். ரோட்டோரமா ராசு காடு இருக்குல்ல? அங்க நின்னு எடுத்துக்குங்க. எல்லாரும் அங்கதான் எடுக்கறாங்க. டவர் ஃபுல்லா இருக்கு."

"அது ராசண்ணன் காடுங்களே," என்றாள் வள்ளியம்மை.

"அது ஆப்புக்குத் தெரியாதும்மா. பயிர் இருக்கற இடமாக் காட்டணும், அவ்ளோதான்."

பக்கத்துப் பையன் நோட்டைத் தன்னுடையது என்று காட்டி மார்க் வாங்கப் பார்ப்பான் ஒருவன். காதைத் திருகியிருக்கிறேன். இங்கே வாத்தியாரே நோட்டை எடுத்து நீட்டுகிறார்.

அக். 9, வியாழன்

ராசு காட்டில் வரிசை. ரேஷன் கடை தோற்றது. ராசு வரப்பில் உட்கார்ந்து, "செருப்பைக் கழட்டிட்டு எறங்குங்க சாமி, கதிரை மிதிச்சுப் போடாதீங்க."

வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏனுங்க ராசண்ணா, ஒரு காட்டுக்கு இத்தனை சொந்தக்காரங்க. பாகம் எப்படிப் பிரிப்பீங்க?"

"ஆளுக்கொரு போட்டோ. அதுதான் பாகம்."

வள்ளியம்மை தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு நின்றாள். எடுத்தது நான்தான். ஒரு நொடியில் பச்சை டிக். "பாத்தீங்களா மேடம், எவ்ளோ ஈசி," என்றார் ஆபீசர்.

சர்வீஸில் எத்தனையோ மக்குகளைப் பார்த்திருக்கிறேன். மக்காக இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் ஒருவனும் இல்லை.

அக். 10, வெள்ளி

தூறல். மாத்திரை வாங்கியாயிற்று. கரண்ட் இல்லை.

வியாபாரி பைக்கில் வந்தான். வள்ளியம்மை வீட்டு வாசலில் டீ. அவனுக்குத் தலையாட்டிவிட்டாள். ஓரமாகக் கூப்பிட்டேன். "ஊக்கத்தொகைதான் வரப்போகுதே கண்ணு. சாமை போடறேன்னியே?"

"சாமை இருக்குதுங்களே டீச்சர், ராசண்ணன் காட்டுல. வருசா வருசம் அங்கயே போயி நின்னுக்கறேன். எங்காட்டுல எது மொளைச்சா ஆபீசருக்கு என்னங்க?"

கேலி இல்லை. கணக்குச் சரியா என்று கேட்கும் முகம். சரிதான்.

வியாபாரி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பைக்கைக் கிளப்பினான். அப்படியே என்னைப் பார்த்து, "ஏனுங்க டீச்சர், ரோட்டோரமா ஒரு சாமைக்காடு நிக்குதே. அது யாருதுங்க?"