அது நானில்லை, உன் கோபம்

என் பிரியமான வசந்தா அக்காவுக்கு,

நேற்று உன் வருஷத் திவசம். மல்லசமுத்திரத்து வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பந்திக்கு முன்னால், எப்போதோ பத்திரிகையில் வந்த உன் கவிதையை அண்ணன் வாசித்துக் காட்டினார். நீ இருந்தவரை ஒரு நாளாவது அதைக் கேட்டாரா?

'கோபம் எனக்குப் பின் பிறந்தவள். விருந்தாளி வந்தால் அவளை உள்ளறையில் பூட்டிவைப்பேன்' என்று தொடங்குமே, அதுதான். வாசித்துவிட்டு என்னைக் கைகாட்டினார். பின் பிறந்தவள் நான்தானாம். வாயாடித் தங்கையை அடக்கிவைத்த பொறுமைசாலி நீயாம். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

என்னைச் சொன்னதுகூடப் போகட்டும். உன் கோபத்தை உன்னிடமிருந்து பிடுங்கி என் தலையில் கட்டிவிட்டார்களே! நாமக்கல் பள்ளியில் உனக்குக் கிடைத்த வேலைக்குப் போகவிடாமல் தடுத்தது இதே அண்ணன்தான். அன்று நீ வாய் திறக்கவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தாய். உள்ளே குமுறியதைப் பேயாகவோ பகையாளியாகவோ எழுதாமல் கூடப் பிறந்தவளாக எழுதினாயே, அது ஏன் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

எழுந்து நின்றேன். "அது நானில்லீங்கண்ணா. அக்காளோட கோவம்."

"வசந்தாவுக்குக் கோவமா? அவ அதிர்ந்து பேசி நீ கேட்டிருக்கறயா அம்மிணி?"

அவர் வாசிக்காமல் விட்ட கடைசி வரிகளைச் சொன்னேன். 'கதவைத் திறந்தேன். பசித்திருந்தாள். என் தட்டில் பாதியைக் கொடுத்தேன். இனி இருவரும் சேர்ந்தே வாசலுக்கு வருவோம்.' அடக்கிவைக்க நினைத்தவள் எதற்குச் சோறு போடுகிறாள் என்று கேட்டேன். அண்ணன் தாளை மடித்தார்.

உன் மகள் அபிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் வேலை எதற்கென்று அண்ணன் அதற்கும் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவள் அப்பா அண்ணனை மறுத்துப் பேசமாட்டார், உனக்குத் தெரியாததா? இலை போட்டுக்கொண்டிருந்த அபி நிமிர்ந்தாள். "திங்கக்கெழம நான் வேலைல சேரப் போறேனுங்க மாமா."

"உங்கம்மா மாதிரி சாதுவா இருந்தயே சாமி," என்றார் அண்ணன்.

"அம்மா மாதிரித்தானுங்க இருக்கறேன்."

அதன்பின் யாரும் அவளைத் தடுக்கவில்லை. திங்கட்கிழமை நானே கூடப் போய் அவளை விடுதியில் சேர்த்துவிட்டு வருகிறேன். இனி எந்தச் சபையிலும் உன்னைப் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டு ஒருவரும் சும்மா உட்கார முடியாது, அக்கா. நான் இருக்கிறேன்.

உன் தங்கை,
மல்லிகா