புதுச்சத்திரத்தில் நிற்கும் உன் படகு

என் பழனி, என் சாமி,

படகை வாங்க ஆள் கிடைத்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆத்தூர்க்காரர். கடற்படையில் என்ஜின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வியாழக்கிழமை காலை டிரெய்லர் வருகிறது. நீ போன பிறகு இந்த ஆறு மாதத்தில் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்திருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்.

நீ ஆயுசு முழுக்க லாரிக்கு பாடி கட்டியவன். நீ கட்டிய வண்டிகள் அசாம் வரைக்கும் போய் வந்தன; நீ மட்டும் பட்டறையை விட்டு நகரவில்லை. உன் பெண்டாட்டி சாந்தி இறந்தபோதுகூட மூன்றாம் நாளே வந்து வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டவன் நீ. அப்படிப்பட்டவன் ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு மோட்டார் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாய். நாற்பதடி நீளம், இரண்டு என்ஜின், உள்ளே இரண்டு படுக்கை அறை, சமையல் மேடை. வெளிநாட்டுக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. பட்டறை வாசலில் அதைத் திருப்புவதற்குள் சேலம் ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு திட்டினேன். "ஊரே சிரிக்குதுடா, கடலுக்கும் நமக்கும் என்ன இருக்குது" என்று உன் ஆட்கள் முன்னாலேயே கேட்டேன்.

நீ தொண்டையைக் கனைத்துக்கொண்டாய். பெயின்ட் புகை பட்ட தொண்டை, எது பேசுவதற்கு முன்னாலும் இரண்டு தடவை கனைப்பாய். "பழசுதானுங்கக்கா. செரி பண்ணிப்போட்டுச் சொல்றேன்" என்றாய். சொல்லவே இல்லையே, சாமி. ஒன்றரை வருஷம் அதன் மேலேயே கிடந்தாய். மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் சாப்பிட வரவில்லை என்று மேஸ்திரி முருகேசன் ஏணி ஏறிப் போய்ப் பார்த்தால், ஸ்டியரிங் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தாயாம். இதயம் என்றார் டாக்டர். முகத்தில் வலி எதுவும் தெரியவில்லை. யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது என்று முருகேசன் சொன்னார். அதை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

பட்டறை நிலத்துக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் அங்கே அவர் மகன் பெட்ரோல் பங்க் வைக்கப் போகிறான். ஆவணிக்குள் காலி பண்ண வேண்டும். மெஷின்களை முருகேசனே எடுத்துக்கொண்டார். படகை என்ன செய்வது? முருகேசன் மகள் போட்டோ எடுத்து இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள். வருகிறவர்களுக்குக் காட்டுகிற வேலை என்னுடையது. டெலிபோன் ஆபீஸில் காலம் தள்ளியவள் அறுபத்துமூன்று வயதில் படகு காட்டுகிறேன். உன் நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். என்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் டேங்க் எவ்வளவு பிடிக்கும், அடியில் எத்தனை கோட் பெயின்ட் அடித்திருக்கிறது, எல்லாம். பாதி வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. தெரிந்த மாதிரிச் சொல்லுவேன்.

முதலில் வந்தது ஏற்காட்டில் ரிசார்ட் நடத்தும் ஒருவரும் அவர் மனைவியும். மலை மேல் தோட்டத்தில் நிறுத்தி உள்ளே காபிக் கடை வைக்கலாம் என்று அவர்களுக்கு எண்ணம். நான் காட்டிக்கொண்டே வந்து, பின்பக்கம் தரைப்பலகையைத் தூக்கி என்ஜின் அடியில் இருக்கும் குழியைக் காட்டினேன். உள்ளே ஒரு விரல்கடைத் தண்ணீர் நின்றது.

சித்திரை வெயில், பழனி. தகரக் கூரைக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு மேல் நிற்கிற படகு. மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏசித் தண்ணியாக இருக்கும் என்று அந்த மனுஷரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். ஏசிக்கு இன்னும் கரண்ட்டே கொடுக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை. அதற்குள் முன்னறையிலிருந்து அந்த அம்மா வெளியே வந்தார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "உள்ள யாரோ படுத்திருக்காங்களே, உடம்பு சரியில்லையா?"

யாரும் இல்லையே என்றேன். இருமுகிற சத்தம் கேட்டதே என்றார். நான் போய்க் கதவைத் திறந்தேன். ஆள் இல்லை. படுக்கையில் மெத்தை மட்டும் ஒரு பக்கமாக அமுங்கியிருந்து, நான் பார்க்கப் பார்க்க மெல்ல எழும்பியது. ஸ்பாஞ்சு மெத்தை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர்கள் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

தண்ணீரை முருகேசன் துணியால் ஒற்றி எடுத்தார். மறு வாரம் நான்கு விரல் நின்றது. அடியில் எங்கேயும் ஈரமில்லை, ஓட்டையில்லை. "மேல இருந்தும் வரலீங்க, கீழ இருந்தும் வரலீங்க. பொறவு எங்கிருந்துதான் வருது?" என்று கேட்டுவிட்டு அவர் அதற்கப்புறம் படகில் ஏறவே இல்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழேயே நிற்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூர்க்காரர் வந்தார். மற்றவர்கள் மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள். இவர் நேராக என்ஜினுக்குப் போய் மண்டியிட்டார். உன் வேலையைத் தடவித் தடவிப் பார்த்தார். லாரிக்கு வேலை செய்த கை இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறதே என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு குழித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தார்.

"இது கடல் தண்ணிம்மா" என்றார். "இந்தப் படகுல யாராவது தவறியிருக்காங்களா? நாங்க இதைக் கேக்காம எந்தப் படகையும் வாங்க மாட்டோம்."

இல்லைங்க என்று சொல்லிவிட்டேன். என் தம்பி உயிர் இந்த நாற்காலியில்தான் போனது என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொன்னால் வாங்குவாரா? ஆவணிக்குள் இதைக் கிளப்பியாக வேண்டுமே. அவர் என் முகத்தையே பார்த்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார். அவர் போன பிறகு நானும் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. இங்கிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் அரை நாள் பயணம். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் ஏணியில் இறங்கினேன். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு தடவை. முருகேசன்தான் என்று வைத்துக்கொண்டேன். கீழே வந்து பார்த்தால் அவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தார்.

ஆனியில் செலின் வந்தாள். உனக்குத் தெரிந்த செலின்தான். எனக்கு யாரென்று தெரியாது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து படகு பார்க்க வருகிறோம் என்று போன் செய்திருந்தார்கள். அவளும் அவள் கொழுந்தனும் வந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். என்ஜின் மணிக் கணக்கை நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போதே அவள் என்னைத் தாண்டி முன்னறைக்குப் போய், சின்ன ஜன்னலில் தொங்கிய நீலப்பூப் போட்ட திரையைக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பிய முகத்தில் அவ்வளவு கோபம்.

"இது எஞ் சேல. எங்க ஆளுக்கு நான் வெட்டித் தச்சுக் குடுத்தது. படகு விக்கப் போற ஆளு எனக்கு எதுக்கு வாக்குக் குடுக்கணும்? எங்க அந்த மனுஷன்?"

எந்த மனுஷன் என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள்.

நீ இல்லை என்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன், சாமி. கோபத்தோடு வந்தவள் அந்தப் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் புருஷன் இதே படகில் வேலை பார்த்தவன். கொச்சியிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டு வரும்போது, குமரிக் கரையில் முட்டத்துக்கு நேரே ஒரு விடியற்காலையில் முன்பக்கம் கயிறு சுருட்டப் போனவனைக் காணவில்லை. அலையும் இல்லையாம், காற்றும் இல்லையாம். உடம்பு கிடைக்கவில்லை. முதலாளி படகை விற்றுவிட்டுப் போனதோடு சரி. நீதான் அலமாரி இடுக்கில் கிடந்த அவன் அடையாள அட்டையைப் பார்த்து, விசாரித்து, அவள் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டிருக்கிறாய். மாதம் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறாய். படகைச் சரி செய்து, அவன் விழுந்த இடத்துக்கே அவளைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். அவள் ஒரு பூவாவது போட வேண்டும் என்று நீயே சொன்னாயாம். மாசியிலிருந்து போன் வரவில்லை. விளம்பரத்து போட்டோவில் திரையைப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டாய் என்று நினைத்துப் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

ஊர் சிரிக்கிறது என்று நான் கத்திய அன்றைக்கு இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தாலும் நான் காது கொடுத்திருப்பேனா என்று இப்போது கேட்டுப் பார்க்கிறேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

தண்ணீரையும் இருமலையும் அவளிடம் மறைக்க மனம் வரவில்லை. எல்லாம் சொன்னேன். அவள் புருஷன்தான் வந்து தங்கியிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அரை மணி நேரம் தனியாக இருந்தாள். நானும் அவள் கொழுந்தனும் வெளியே நின்றோம். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அவள் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது, ஆனால் கண்ணில் நீர் இல்லை.

"எங்க ஆளு இங்க இல்லக்கா. இருந்தா எனக்குத் தெரியும். உள்ள இருக்கது உங்க தம்பி. போன்ல பேசுறதுக்கு முன்னாடி எப்படிக் கனைப்பாரோ, அதே மாதிரி கனைக்காரு. ஏதோ சொல்ல வாறாரு. சொல்ல முடியல."

கேட்ட நாளிலிருந்தே எனக்கு அந்தச் சத்தம் தெரியும், பழனி. உன்னைத் தூக்கி வளர்த்தவளுக்கு உன் தொண்டை தெரியாதா? தெரியாத மாதிரி இருந்தேன். செத்த தம்பியைப் பார்த்துப் பயப்படுகிறவளாக இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சாயங்காலமே ஆத்தூர்க்காரரைக் கூப்பிட்டு, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருவர் இதிலிருந்து கடலில் போயிருக்கிறார், இன்னொருவர் இதிலேயே போயிருக்கிறார், இரண்டாமவர் இன்னும் இறங்கவில்லை. இவ்வளவும் சொல்லிவிட்டு, இனி வேண்டுமா வேண்டாமா நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டார். தூத்துக்குடியில் தண்ணீரில் இறக்கியதும் முதல் பயணம் முட்டத்துக்குப் போக வேண்டும், செலினை ஏற்றிக்கொண்டு, என்றேன். சரிம்மா, நானே ஓட்டுறேன் என்றார்.

மறுநாள் நான் ஒற்றையாக ஏணி ஏறினேன். முன்னறை வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், நடந்ததைச் சத்தமாகச் சொன்னேன். உள்ளே மெத்தை ஒரு தடவை கிறீச்சிட்டது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு குழியைத் திறந்தேன். நேற்று ஒரு சாண் நின்ற தண்ணீர், ஒரு சொட்டு இல்லை. பலகை ஓரமெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கடலுக்கு உன்னை யாரும் கூட்டிப் போகவில்லை என்று, கடலை நீயே இங்கே இழுத்துக்கொண்டிருந்தாயா?

நேற்றுப் போனபோதும் கனைத்தாய். ஸ்டியரிங் பக்கமிருந்து கேட்டது. இருக்கட்டும். வியாழக்கிழமை நீ அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள். டிரெய்லருக்குப் பின்னாலேயே நானும் முருகேசனும் காரில் வருகிறோம். எனக்குத் தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் கரையில் நின்று அனுப்பிவிட்டு வர மாட்டேன். முட்டம் வரைக்கும் செலின் பக்கத்தில் நான் உட்கார்ந்து வருவேன். அவள் பூப் போடும்போது அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். நீ கொடுத்த வாக்கு முடிந்தது என்று அந்த இடத்தில் உன் பெயரைச் சொல்லிச் சொல்வேன். இது சத்தியம்.

சொன்ன பிறகு நீ இறங்கிவிட வேண்டும், சாமி. நான் திரும்பி வரும்போது என் கூட வீட்டுக்கு வராதே.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
உன் அக்கா, சரசு