கருவாயியின் ஏழு குட்டிகள்

என் உயிருக்கு உயிரான சுருளியண்ணனுக்கு,

சிலமலையிலிருந்து உன் தங்கச்சி பொன்னுத்தாய் எழுதுவது. நீ போய் எட்டு மாதம் முடிந்தது. அழுதுகொண்டே எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே, உன்னோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். செத்தவனோடு சண்டை போடக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

காய்ச்சலில் கிடந்த கடைசி நாட்களில் பெரியப்பாவிடம் நீ என்ன சொன்னாய்? "எனக்கப்புறம் நாய்கள யாருக்காச்சும் குடுத்துருங்க. பொன்னுத்தாயி ஒத்தப் பொம்பள, அவளால ஆகாது." கருமாதி முடிந்த மறுநாள் அவர் இதை என் முகத்துக்கு நேரே சொன்னார். நீ செத்ததைக்கூட ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

தாலியறுத்து இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து உன் நாய்களுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சியது யார்? ஆட்டுக்குடலை அலசி, பச்சையாகவே நறுக்கி வைத்தது யார்? உண்ணிக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தடவியதும், சொறிக்குக் குப்பைமேனி அரைத்ததும் இந்தக் கைதானே. போடி வரைக்கும் உன்னைக் கோம்பை நாய்க்காரர் என்றார்கள். ஊர் என்னைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். நீயுமா பார்க்கவில்லை?

அதனால் நான் ஒரு நாயையும் விடவில்லை. நம் பெட்டை நாய் கருவாயிக்கு மூன்றாவது பருவம் வரும்வரை பொறுத்து, நீ பார்த்து வைத்திருந்த ராசிங்காபுரத்துக் கடுவன் நாயோடுதான் சேர்த்தேன். ஐப்பசி மழையில் ஏழு குட்டி போட்டது. ஏழும் செவலை, ஏழுக்கும் தாயைப் போலவே கருத்த வாய். பால் குடிக்க முண்டாத குட்டியைக் கையில் எடுத்து வளர்க்கக் கூடாது, வம்ச வழியே கெட்டுவிடும் என்பாயே. கடைசிக் குட்டி அப்படித்தான் ஒதுங்கிக் கிடந்தது. ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்துக் கொடுத்து நான் அதைத் தேற்றிவிட்டேன். இன்றைக்கு மற்ற ஆறையும் கடித்துத் துரத்துவது அதுதான்.

இன்னொன்றும் கேட்டுக்கொள். யாரையாவது நாய் கடித்தால் பச்சிலை வைத்துக் கட்டி அனுப்புவாய். நான் அதைச் செய்யமாட்டேன். நேரே ஆஸ்பத்திரிக்கு ஊசி போட அனுப்புகிறேன். இலை தழை எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எனக்கும் தெரியும்.

போன மாதம்தான் பெரிய சோதனை வந்தது. கருவாயியோடு கூடப்பிறந்த வீரனை மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காவலுக்குக் கொடுத்தாயே, அதற்கு ஒரு மூக்கில் ரத்தம் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. புதிதாக வந்திருக்கும் மேனேசர் கீழ்நாட்டுக்காரர், மலை தெரியாதவர். டின் பிஸ்கட்டும் பவுடர் பாலும் தின்றால்தான் நாய், கம்பு தின்றால் மாடு என்பவர். அவர் யாரிடமோ கேட்டு, இது ரத்தக்கோளாறு, இந்த வழி முழுக்கவே கெட்டது, சுட்டுவிடுவதுதான் நல்லது என்று முடிவுகட்டி, ஊருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

பெரியப்பா சாக்கோடு வந்து நின்றார்.

"மேனேசரே சொல்லிட்டாரு. வழிவழியா வர்ற சீக்காம். ஏழையும் கெணத்துல போட்டுட்டு வேற சோலியப் பாருத்தா."

"நான் மேல போயி வீரனப் பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் குட்டி மேல கை வச்சீகன்னா பெரியப்பான்னு பாக்கமாட்டேன்" என்றேன். பக்கத்து வீட்டு மாரியக்காவைக் குட்டிகளுக்குக் காவல் வைத்துவிட்டு, ஏலக்காய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப்பில் ஏறிப் போனேன்.

வீரனை ஸ்டோருக்குப் பின்னால், ஏலக்காய் உலர்த்தும் அந்தக் கட்டடத்தின் நிழலில், கட்டிப்போட்டிருந்தார்கள். எலும்பும் தோலுமாக இருந்தது. என் வாசம் பட்டதும் எழ முயன்றது. பக்கத்தில் ஒரு தொட்டி நிறையத் தண்ணீர். சீக்கு நாய்க்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று மேனேசர் நாள் முழுக்க நிரப்பி வைக்கச் சொன்னாராம். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

காவல்கார குஞ்ஞப்பன் மெதுவாக என் பக்கம் வந்தார். மலையாளத்துக்காரர், வீரனுக்குச் சோறு வைப்பவர். "அட்டையாணு சேச்சி. ஓடையில குடிச்சப்போ மூக்குல கேறியதாக்கும். நான் பறஞ்சா ஆரு கேக்கும்?"

தொட்டியைக் கவிழ்த்தேன். மூக்கு காய்ந்து தாகம் ஏறினால்தான் உள்ளே ஒட்டிய அட்டை தண்ணீர் தேடி வெளியே வரும். காலையிலிருந்து உச்சி சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்கவில்லை. மேனேசர் வந்து கத்தினார், "சாகப்போற நாய இன்னும் கொல்றியே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா?" நாக்கைத் தொங்கப்போட்டு வீரன் என்னையே பார்த்தது. அந்த நேரம் நினைத்தேன், அண்ணே. நான் தப்பாக இருந்தால்? மேலே ஒன்று, கீழே ஏழு, எட்டு உயிரும் என் தலையில்.

பிறகு குஞ்ஞப்பன் வெரசாக ஓடையில் ஒரு வட்டாப் பாத்திரம் நிறையச் சில்லென்ற தண்ணீர் மொண்டு வந்தார். அதை வீரனின் மூக்குக்கு நேரே பிடித்தேன், குடிக்கவிடாமல். கொஞ்ச நேரத்தில் கருப்பாக ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அசையாமல் இருந்தேன். மறுபடி வந்தது, இந்தமுறை தண்ணீரைத் தொட நீண்டது. வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்ட துணியால் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை, இழுத்தால் அறுந்துவிடும். அதுவாக விட்டுக்கொடுக்கும்வரை பிடித்திருந்தேன். என் சுண்டுவிரல் தடிமன், ரத்தம் குடித்து உப்பியிருந்தது.

அதை மேனேசரின் மேசைமேல், அவர் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்தேன். "இதுதாங்க உங்க ரத்தக்கோளாறு. வீரன் எங்கூட வருது" என்றேன். கட்டை அவிழ்த்து வீரனைக் கையோடு கூட்டி வந்தேன். மறுவாரம் மேனேசரே ஆள் அனுப்பி ஒரு குட்டி கேட்டார். அந்தத் தோட்டத்து மண்ணையும் தண்ணீரையும் அறிந்த குஞ்ஞப்பனின் பேச்சைக் கேட்பதாக இருந்தால் அடுத்த ஈத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

வீரன் இப்போது தேறிவிட்டது. பெரியப்பாவும் சாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஆனால் வாயை மூடவில்லை. முந்தாநாள் போடி ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர் வந்து, "சுருளி வளத்த நாயிக்குட்டி இருக்காத்தா?" என்று கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டு தலையாட்டினார்.

"சுருளி வளத்தது இல்லீங்க. நான் வளத்தது இருக்கு. வேணும்னா பாருங்க" என்றேன்.

கடைக்காரர் என்னையும் குட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கருவாயியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்ன தீனி வைக்கவேண்டும் என்று என்னிடம் கேட்டார். என்னிடம்தான் கேட்டார், அண்ணே. சொல்லி முடித்து அவரை அனுப்பிய பிறகு மாட்டுக்கொட்டத்துக்குள் போய் நின்று அழுதேன். அந்த அழுகையில் கொஞ்சம் உனக்காகவும்தான்.

இந்த வழி அற்றுப்போகாது. என் உடம்பில் தெம்பு உள்ளவரை இந்த வீட்டு முற்றத்தில் செவலைக் குட்டி ஓடும், இது சத்தியம். உன் கடைசி வார்த்தையை மட்டும் நான் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கமாட்டேன். கோபம் இருந்தால் கனவில் வந்து திட்டிவிட்டுப் போ. அப்படியாவது உன்னைப் பார்க்கிறேன்.

உனக்கு அடங்காத உடன்பிறந்தவள்,
பொன்னுத்தாய்