பதினொன்றாவது வரியில் உன் பெயர்

போன சனிக்கிழமை சப்பாத்துக் கயிறு வாங்க ஹட்டனில் ஒரு கடைக்குள் ஏறினேன். கடைக்கார நானா ஒரு கறுப்பு பொலிஷ் டின்னின் மூடியைத் திறந்து, உள்ளே காய்ந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மேசையைத் தாண்டி என்னிடம் வந்தது. நான் தினமும் முகர்கிற வாசனைதான். ஆனால் கடையில், புது டின்னில், அது வேறு மாதிரி இருந்தது. நீயும் நானும் ஒரே டின்னைப் பங்கு போட்டு வாங்கிய நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளையும் அவள் அப்பாவும் நின்றார்கள். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க கப்டன்," என்றார் நானா. "இந்தப் புள்ள ஒபிசர் ட்ரெய்னிங்குக்கு எடுபட்டிருக்கு. படிப்பும் அங்கயேதானாம். லிஸ்ட்ட ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

இரண்டு பூட்டு, கறுப்புத் தகரப் பெட்டி, வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, ஆறு ஹேங்கர், ஊசி, நூல். பத்து வருடத்தில் ஒரு பொருள்கூட மாறவில்லை.

"அங்க போனா எப்படி சேர் இருக்கும்?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். முதல் ஆறு வாரம் உன் பேரை யாரும் கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான். போனை வாங்கி வச்சிருவாங்க. விடிய முன்னாடியே எழும்பணும், எங்க போனாலும் ஓடித்தான் போகணும், சாப்பிட ஏழு நிமிஷம். கட்டளை எல்லாம் சிங்களத்துல, லெக்சர் எல்லாம் இங்கிலிஷ்ல. கத்துறவங்க எல்லாரும் கெட்டவங்க இல்ல, கத்துறது அவங்க வேலை. மூணாவது வாரம் வீட்டுக்கு வந்துரலாம்னு தோணும், அந்த வாரம் மட்டும் முடிவெடுக்காத. கால்ல கொப்புளம் வந்தா மறைக்காத. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

அவள் அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "எங்க டிவிசன்ல இருந்து இன்னொரு புள்ளயும் போகுதுங்க. தெரிஞ்ச புள்ள ஒண்ணு கூட இருந்தா நல்லதுங்களா சேர்?"

"நல்லதுதாங்க," என்றேன். கயிறு வாங்காமலே கடையிலிருந்து இறங்கிவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் எடுபட்டபோது நம் பாடசாலையே பேசியது. நீ கந்தப்பளையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளை. உன் அம்மா கொழுந்து எடுத்து உன்னையும் தங்கையையும் படிக்கவைத்தவர். நான் நானுஓயாப் பக்கம், தோட்டக் கணக்கப்பிள்ளை மகன். எனக்குத் தனி அறை, தனி மேசை எல்லாம் இருந்தன. ஆனாலும் கணக்குப் பாடத்தில் நீதான் எனக்குச் சொல்லித்தந்தாய். நேர்முகத் தேர்வுக்குப் போட உன்னிடம் நல்ல சப்பாத்து இல்லை, என்னிடம் நல்ல சிங்களம் இல்லை. ரயிலில் போகும்போது என் சப்பாத்தை நீ போட்டுப் பார்த்தாய். உன் வாயைப் பார்த்து நான் சிங்கள வாக்கியங்களைத் திருப்பிச் சொன்னேன்.

கீழ் நாட்டின் வெக்கையில் அந்த இராணுவக் கல்லூரி நம்மை அடித்துப் பிழிந்தது. பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் நாம் இருவர் மட்டுமே தமிழர். நம்மைச் சோடியாகப் போட்டார்கள். ஒருவன் பிழை விட்டால் இரண்டு பேருக்கும் தண்டனை. நான் பிழை விட்டுக்கொண்டே இருந்தேன். ஓட்டத்தில் எப்போதும் கடைசி. என்னால் நீ மைதானத்தைச் சுற்றிய சுற்றுகளுக்குக் கணக்கில்லை. தகரப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடவிட்ட அன்று, என் பெட்டியின் கைப்பிடியையும் ஒரு கையால் தாங்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாய். "மூச்ச மூக்கால இழுடா, வாயால இழுக்காத," என்பாய். வேறு எதுவும் சொல்ல மாட்டாய்.

நீ சறுக்கியது ஒரே ஒரு இடத்தில்தான். நீச்சல் குளத்தில் ஆழம் குறைந்த மூலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். அதிகாரி திரும்பும் நேரம் பார்த்துக் கையை வீசுவாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்கட்டுப் படியில் சப்பாத்துக்கு பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் காரணம் சொன்னாய். உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது உன் மாமா மகன் தோட்டத்துத் தண்ணீர்க் குட்டையில் விழுந்தான். நீ கரையில் நின்றாய். கத்தக்கூட வரவில்லை.

"ஆள் வர்ற வரைக்கும் அப்படியே நின்னேன்டா," என்றாய். "அம்மாவுக்குக்கூட இது தெரியாது. நான் ஓடிப்போய் ஆளக் கூட்டியாந்தேன்னுதான் நெனைக்கிறாங்க."

நான் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

முதல் தவணை முடிகிற வாரம் ஒரு தாளைக் கொடுத்தார்கள். குழுவில் உள்ள மற்றப் பதினொரு பேரையும் முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை வரிசைப்படுத்த வேண்டும். நடுவில் உள்ளவர்களைப் பற்றி விரும்பினால் எழுதலாம். கடைசியில் வைப்பவனைப் பற்றிக் கட்டாயம் காரணம் எழுத வேண்டும். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. கடையில் அந்தப் பிள்ளையிடம் நான் சொல்லாமல் விட்டது இந்தத் தாளைத்தான்.

அதற்கு முதல் நாள் சாப்பாட்டு மேசையில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் முதலாவதாப் போட்டுக்குவீங்கதானே," என்று சிங்களத்தில் சொன்னான். அவன் மனதில் ஒன்றும் இல்லை. நீயும் சிரித்தாய். எனக்கு அது உள்ளே போய்த் தைத்தது. தமிழன் தமிழனைத் தூக்கிவிடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். பல வருடங்கள் இந்தக் காரணத்தைத்தான் எனக்கே சொல்லிவந்தேன்.

உண்மைக் காரணம் அதைவிடக் கேவலமானது. கடைசி இடத்துக்கு என் பெயரைத்தான் எல்லாரும் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வேறு ஒருவனைப் பற்றிக் கனமாக ஏதாவது எழுதிவிட்டால் அதிகாரிகளின் கண் அவன் பக்கம் போகும். மற்றப் பத்துப் பேரைப் பற்றியும் எனக்குக் கனமாக ஒன்றும் தெரியாது. உன்னைப் பற்றித் தெரியும்.

பதினொன்றாவது வரியில் உன் பெயரை எழுதினேன். தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறான், சிறுவயதில் ஒரு சாவைப் பார்த்து உறைந்து நின்றவன், அதை மறைக்கிறான், நெருக்கடியில் மற்றவர்களை வழிநடத்த இவனால் முடியாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இன்னொரு முறை வாசித்தும் பார்த்தேன். நீ இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்து, பேனாவின் மறுமுனையைக் கடித்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு ஐந்து பேரைக் கூப்பிட்டது. மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள், அதில் நீயும் ஒருவன். நீச்சலில் நீ தேறவில்லை என்பதும் ஒரு காரணம். என் தாள் இல்லாவிட்டாலும் உன்னை அனுப்பியிருப்பார்களோ என்னவோ. அப்படித்தான் என்று நம்ப எனக்குப் பல வருடங்கள் வசதியாக இருந்தது.

வாசல்வரை உன் பெட்டியைத் தூக்கி வந்தேன். நீ என் கண்ணைப் பார்த்தாய், கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாய் என்று இப்போது தோன்றுகிறது. "கவனமா இரு மச்சான்," என்றாய். "குதிகால்ல இருக்கிற புண்ண மருந்துக்குக் காட்டு. சும்மா துணி சுத்திக்கிட்டுத் திரியாத."

நான் தேறினேன். பட்டம் வாங்கினேன், தோளில் நட்சத்திரம் ஏறியது. அதிகாரியான அன்று உன்னிடமிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. பயிற்சிக்கு வந்ததால் உனக்கு அந்த வருடப் பல்கலைக்கழக அனுமதி கைவிட்டுப்போயிருந்தது. கந்தப்பளையில் மரக்கறி சேர்த்து அனுப்பும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய், தங்கையைப் படிக்கவைத்தாய், அவள் முன்பள்ளி ஆசிரியை ஆனாள். நான் லீவில் வரும்போதெல்லாம் கூப்பிடுவாய். நான் பாதி நாள் போனை எடுக்க மாட்டேன்.

பிறகு அந்தப் பெருமழை வாரம் வந்தது. எங்கள் பிரிவை மலைக்கு அனுப்பினார்கள். உன் தோட்டம் என் பட்டியலில் இருப்பதை லொறியில் ஏறிய பிறகுதான் பார்த்தேன். பாதை உடைந்திருந்ததால் கடைசி இரண்டு மைலை நடந்தோம். போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். மேட்டுப் பக்கம் இருந்த இரண்டு லயங்களின் பின்சுவரில் மண் சரிந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. எல்லாரும் தோட்டப் பாடசாலையில் இருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பெயர் எழுதி, கைக்குழந்தைக்காரர்களை ஈரம் இல்லாத வகுப்பில் வைத்து, அடுப்பு மூட்டியிருந்தார்கள்.

"யாரு இங்க பொறுப்பு?" என்று கேட்டேன். எல்லாரும் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களை ஒவ்வொருவராக இந்தப் பக்கம் கொண்டுவந்துகொண்டிருந்தாய். உன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. வீட்டை விட்டு வர மாட்டேன் என்று அடம்பிடித்த ஒருவரின் பசுவை நீ முதலில் அவிழ்த்துக்கொண்டு வந்தாயாம். பசுவின் பின்னால் அவர் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாராம். அவர் வந்து அரைமணி நேரத்தில் மண் இறங்கியதாம். அடுப்படியில் நின்ற பெண்கள் சொன்னார்கள்.

என் ஆட்கள் இறங்கிக் கயிற்றை வாங்கிக்கொண்டார்கள். நீ கரையேறினாய். என்னுடன் வந்த கோப்ரல் உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டான்: "சேர், இவர் ஆமியில இருந்தவரா?"

"இல்லை," என்றேன்.

நீ கேட்டுவிட்டாய். சட்டையைப் பிழிந்துகொண்டே அவனிடம் சிங்களத்தில், "ஒரு தவணை இருந்தேன். சேரும் நானும் ஒரே குழு," என்றாய். கோப்ரல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு எங்கே முகத்தை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பாடசாலைப் படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தோம்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று தொடங்கினேன்.

"தெரியும்டா," என்றாய். "அன்னைக்கே தெரியும். விசாரணையில ஒரு சேர் அந்தத் தாள வாசிச்சுக் காட்டுனாரு. தண்ணி விஷயம் உன்னத் தவிர யாருக்குத் தெரியும்?"

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. அதுக்கப்புறம் உங்கூடப் பேச முடியாமப் போயிரும்." கோப்பைக்குள் ஊதினாய். "நீ எழுதுனதும் பொய் இல்லையே. பயந்தவன்தான். இன்னைக்கும் பயந்துக்கிட்டேதான் எறங்குனேன்."

நானாகவே கேட்டேன், நீ என்னை எத்தனையாவதாகப் போட்டாய் என்று.

"ஆறாவதா," என்று சிரித்தாய். "அதுக்கு மேல போட முடியாதுடா, நீ ஓடுன லட்சணத்துக்கு. ஓட மாட்டான், ஆனா கூட நிக்கிறவன விட்டுட்டுப் போக மாட்டான்னு எழுதுனேன்."

அப்போது கோப்ரல் என்னைக் கூப்பிட்டான். மன்னித்துக்கொள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். கோப்ரல் காத்திருந்திருப்பான். நான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். "பாத்து இரு," என்றேன். அதுதான் உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது.

மழை விட்ட பிறகும் நீ அடைபட்ட வடிகான்களைத் துப்புரவாக்கச் சேற்றில் இறங்கியிருக்கிறாய். பத்து நாளில் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நீ இரண்டு நாள் வேலைக்கும் போயிருக்கிறாய். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தபோது சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சீருடையில் வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் நிற்க முடியாது என்று தோன்றியது. பசுக்காரர்தான் முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினார். எனக்கும் இடம் கொடுத்தார்கள். சாதிசனம் எல்லாம் தள்ளி நின்று, "சேர் அண்ணனோட கூட்டாளி, அவர் தூக்கட்டும்," என்றார்கள். தூக்கினேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா கொழுந்து எடுக்கப் போயிருந்தார். உன் தங்கை மட்டும் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடதாசிப் பூ வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் என்ன எழுதினேன் என்பதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன், உண்மைக் காரணத்தையும் சொன்னேன். உன் மாமா மகன் கதையைச் சொல்லும்போதுதான் நீ கரையில் உறைந்து நின்றது அவளுக்கும் தெரியாது என்று புரிந்தது. நீ எனக்கு மட்டும் சொன்னதை நான் இரண்டாவது தடவையாக வெளியில் விட்டிருந்தேன்.

அவள் அழுவாள், அல்லது போகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டியிருந்த பசையைத் தேய்த்து எடுத்தாள்.

"இத ஏன் இப்ப எங்கிட்ட சொல்றீங்கண்ணே?" என்று கேட்டாள். கோபமே இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நான் தெரிஞ்சுக்கணும்னா, இல்ல நீங்க எறக்கி வைக்கணும்னா?"

நான் தரையில் கிடந்த கடதாசித் துண்டுகளைப் பொறுக்கினேன். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிராதீங்க," என்று மட்டும் சொல்லி மறுபடியும் பூ வெட்டத் தொடங்கினாள்.

நான் சொல்லவில்லை. கந்தப்பளைப் பக்கம் போகும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் போனால் கையைக் கழுவிவிட்டு வந்து, என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்கிறார். மகனுடைய கூட்டாளி என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்கிறார். நான் அந்தக் கைகளிலிருந்து என் கையை இழுத்துக்கொள்வதில்லை. அவராக விடும்வரை அப்படியே உட்கார்ந்திருக்கிறேன்.