பின்பக்கமும் வெளுத்த சுவர்

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை விழுங்குங்கள், ஜன்னலில் ஒளிக்காதீர்கள். நான் நலம்.

இரும்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடை அரைத்து, சிமெண்டோடு கலந்து ஒரு சுவர் வார்த்தோம். அச்சுப் பலகையைப் பிரித்தால் சுவர் நீலப்பச்சையாக நின்றது. கசடு சேர்ந்தால் அப்படித்தான். காற்றுப் பட்டால் தானாக வெளுத்துவிடும். எங்கள் மேனேஜரோ, “பாசி பிடிச்சிருச்சு, தேய்ச்சுக் கழுவு!” என்று குதித்தார். மூன்றே நாளில் பாசி பிடிக்க அது என்ன குளத்துப் படியா? சொல்லிப் பார்த்தேன். “எனக்கே பாடம் எடுக்கறியா?” என்றார்.

முன்பக்கத்தை நாலு நாள் கைத்தோல் உரியத் தேய்த்தேன். சுவர் வெளுத்தது. நான் தொடவே தொடாத பின்பக்கமும் அதே மாதிரி வெளுத்திருந்தது. மேனேஜரைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

“பாத்தியா, நல்லா தேய்ச்சா பின்பக்கம் வரைக்கும் போகும்!” என்றார்.

ஆலைக் கசடுக்கே ஒரு பயன் கண்டுபிடித்துவிட்டார்கள் அப்பா. இந்த மனிதருக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

கொத்து வேலைக்கு நீங்கள் போடும் ரப்பர் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். எதற்கென்று அம்மாவிடம் சொல்ல வேண்டாம். வேன் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனை உடனே அம்மாவிடம் கொடுத்துவிடாமல் என்னைக் கொஞ்சம் திட்டுங்கள். வேலை தெரிந்தவர் வாயால் திட்டு வாங்கி ரொம்ப நாளாகிறது.

உங்கள் மகன்