முட்டிக்கும் குங்குமம்

12-10-99, செவ்வாய்

மழை விட்டு விட்டு. சுகந்தியின் காலுறைகள் இன்னும் காயவில்லை. அடுப்பு மேல் கொடியில் போட்டேன், ரசத்தில் சொட்டுகிறது.

பேத்தி பி.காம். இரண்டாம் வருஷம். காலேஜ் ஃபுட்பால் டீமில் முன்னால் நின்று கோல் போடுகிறவள். ரேஷன் கடையில் இன்றும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

மத்தியானம் அவள் துணி மாற்றும்போது பார்த்துவிட்டேன். வலது முட்டி. பன் மாதிரி.

"ஆயா, யாருக்கும் சொல்லாத. அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்."

போன மாதம் கணுக்கால் பிசகியபோதே என் பிள்ளை குமரேசன் சொல்லியாயிற்று. "இன்னொரு வாட்டி அடிபட்டுச்சுன்னா பந்து பரண் மேல. பேச்சே கெடையாது." ஃபாக்டரியில் ஃபிட்டர். சொன்னால் சொன்னதுதான்.

ஆயுத பூஜை சாயங்காலம் மேட்ச். ஆண்கள் ஃபைனலுக்கு முன்னால் இவர்கள் ஆட்டம். எங்கள் அல்சூர் ஏரியாவே வந்து பார்க்கும். தலையில் அடித்து சத்தியம் வாங்கிக்கொண்டாள். மஞ்சள், உப்பு சேர்த்துப் பற்றுப் போட்டேன்.

வாங்க: பொரி, கற்பூரம், பூசணிக்காய். குடை கம்பி ரிப்பேர்.

14-10, வியாழன்

மழை இல்லை. கறிவேப்பிலை வாங்கும் சாக்கில் கிரவுண்டுக்குப் போனேன். மதில் ஓரம் சிமெண்ட் பெஞ்சு. ஏரிக் காற்று சில்லென்று.

பையன்கள் ஆடி முடிக்கிறவரை பெண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். வெளிச்சம் போகிற நேரத்தில் இவர்கள் முறை. வந்ததும் ஓட்டம். உடம்பு சூடேறக்கூட நேரம் ஏது? கோல் பக்கம் குழி, சரளைக்கல். பையன்கள் கிளறிப்போட்ட சேறு அப்படியே காய்ந்து மேடும் பள்ளமும்.

ஷாஹீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோல் காக்கிறவள். விரல்கள் சேர்த்துக் கட்டு.

"டீம்ல பாதிப் பேருக்கு அடி. ஏன்டி இப்படி?"

"கோச் சார் சொல்றாரு நாங்க வார்ம்-அப் பண்றதில்லையாம். டைம் குடுத்தா பண்ண மாட்டமா? எங்கம்மா திருஷ்டிங்கறாங்க. பவ்யா காலைல ஒண்ணும் துன்னாம வந்தா, மயங்கி வுழுந்தா, கை போச்சு."

"நீ என்ன சொல்ற?"

"ஷூ ஆயா. எல்லாம் பையனுங்க போட்டுக் கழிச்சது. ஷூ ஒரு பக்கம் போவுது, பந்து ஒரு பக்கம் போவுது, நடுவுல நம்ம கால்."

கடலைப் பொட்டலம் நீட்டினேன். "நக்கோ ஆயா, வேணாம், தண்ணி போதும்" என்றவள் பாதிப் பொட்டலத்தைக் காலி செய்தாள்.

பந்து ஒன்று தூங்குமூஞ்சி மரத்துக்கு மேலே போயிற்று. இறங்கவே இல்லை. வெகு நேரம் காத்திருந்தேன். கண் அசந்திருப்பேன். பார்த்தால் எல்லாரும் தரையில் கால் படாமல் ஓடுகிறார்கள். புல்லிலிருந்து ஏறிய ஆவிதான். ஆனாலும் அடிபடாமல் ஓட அதுதான் வழி என்று தோன்றியது. சுகந்தி மட்டும் வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு.

கறிவேப்பிலை வாங்க மறந்தேன்.

16-10, சனி

விடியற்காலைக் கனவில் நான் ஓடுகிறேன். புடவை கட்டியபடி. முட்டி வலியே இல்லை. பந்து பௌர்ணமி நிலா அளவு, உதைத்தால் சத்தம் இல்லை. அஞ்சாவதோடு நின்றவள் நான், பள்ளிக்கூடத்தில் பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. யாருடைய கால்களோ.

நிஜத்தில்: சுகந்தி மாடிப்படி இறங்கும்போது முட்டி கழன்றுகொண்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர்.

"திங்கக்கெழம ஆடாதடி."

"எல்லாரும் கட்டுப் போட்டுக்கினுதான் ஆயா ஆடறாங்க. வலிக்குதுன்னு சொன்னா டீம்ல பேர் போயிடும்."

சாரும் ஷாஹீனும் சொல்லாத காரணம் இது. மறைக்கிறார்கள். நானும் கூட உட்கார்ந்து பற்றுப் போட்டு மறைக்கிறேன். சொன்னால் பந்து போச்சு. சொல்லாவிட்டால் முட்டி போச்சு.

பால்காரனுக்கு நாளை லீவு.

18-10, திங்கள். ஆயுத பூஜை

விடியலில் தூறல். பிறகு நல்ல வெயில். தெருவில் ஆட்டோவெல்லாம் வாழைக்கன்று கட்டிக்கொண்டு.

பூஜை அறையில் குமரேசனின் ஸ்பேனர், சுத்தியல், அரம். மருமகள் வசந்தாவின் கத்திரிக்கோல். சுகந்தியின் புத்தகங்கள். வரிசைக் கடைசியில் பேப்பர் விரித்து அவளுடைய ஷூ! கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் புதிசு மாதிரி. சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ. பக்கத்தில் உள்ளேயிருந்து எடுத்த அழுக்குப் பஞ்சு உருண்டை.

வசந்தா பதறினாள். "செருப்பு ஜாதியப் போயி சாமி முன்னாடி வெப்பாங்களா?"

"என் ஸ்பேனர் மட்டும் கங்கையில குளிச்சுதா? இது அவ டூல்" என்றான் குமரேசன்.

என் பிள்ளையா பேசியது! சுகந்தி முகம் அப்படியே மலர்ந்தது. மறுநிமிஷம் சுருங்கியது.

"அப்பா... சாயங்காலம் மேட்ச்பா."

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை வரை எடுக்கக் கூடாது. ஷூவை வைத்தவனே அவன்தான்; அவனே போட்ட பூட்டு. தலையைச் சொறிந்தான். கூப்பிட வந்திருந்த ஷாஹீன் வாசலிலிருந்து, "எங்கண்ணன் ஷூ இருக்கு, எடுத்தாரவா?" அவள் அண்ணன் பனைமரம்.

எனக்கு என்ன வந்ததோ. குங்குமச் சிமிழை எடுத்தேன். சுகந்தியை உட்காரவைத்தேன். பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டினேன். சந்தனம் தடவி நடுவில் பொட்டு வைத்தேன்.

"இதுவும் ஆயுதந்தான். இன்னிக்கு எடுக்கக் கூடாது."

குமரேசன் குனிந்து முட்டிமேல் உள்ளங்கையை வைத்தான், மிஷின் மேல் வைக்கிற மாதிரி.

"பேரிங் சூடா இருக்கு. நிறுத்தாம ஓட்டியிருக்க." பிறகு என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

சுகந்தி பல்லைக் கடித்தாள். "சத்தியம் பண்ணியே ஆயா!"

"நான் எங்கடி சொன்னேன்? பொட்டுதான வெச்சேன்."

ஷாஹீன் சிரித்துவிட்டாள். இவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கூடத்துத் தரையில் படுத்திருந்தாள். கிரவுண்டிலிருந்து விசில் காற்றில் வந்தது. கூச்சல் எழும்போதெல்லாம் கால் விரல்கள் தாமாக மடங்கின. என்னோடு பேசவில்லை. சுண்டல் மட்டும் தின்றாள். இரண்டு கோல் வாங்கித் தோற்றார்களாம்.

19-10, செவ்வாய். விஜயதசமி

வானம் மூட்டம். மறுபூஜை முடிந்தது. எலும்பு டாக்டரிடம் போக ஆட்டோ சொல்லியிருந்தது.

புறப்படும்போது குமரேசன், "நில்லு, செவுத்துல சாஞ்சிக்க" என்றான். மார்க்கிங் சாக்பீஸ் எடுத்து, தரையில் அவள் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தான். ஸ்கேல் வைத்து அளந்தான்.

"பஞ்ச அடச்சிக்கினா ஓடின, இத்தன நாளா?"

"ஆமாம்பா."

"கழுத. மொதல்ல முட்டி சரியாவட்டும். அப்புறம் கடைக்குப் போலாம்."

ஆட்டோவில் ஏறும்போதுதான் சுகந்தி திரும்பினாள். "ஆயா, சாக்ஸ் மடிச்சு வை."

போய்விட்டார்கள். வீடு பெருக்கினேன். அந்தக் கோட்டைச் சுற்றி மட்டும் துடைப்பம் போகவில்லை. யாரும் பார்க்காதபோது உள்ளே என் காலை வைத்தேன். எனக்கும் அதே அளவு.