பதினாறு விளக்கும் முப்ளி வண்டும்

ஏப்ரல் 14

இன்று முதல் இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் இவ்வளவு உண்மை பேசியதில்லை. அங்கே பாதிரியார் இருமிக்கொண்டே இருப்பதால் பாதிப் பாவம் விட்டுப்போகிறது.

உண்மை ஒன்று: சாச்சன் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) பதினெட்டு வருடம் குவைத்தில் இருந்துவிட்டு ஜனவரியில் வந்தார். பழைய கம்பெனி மறுபடி கூப்பிடுகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

உண்மை இரண்டு: வந்ததும் சிட்-அவுட்டில் (வீட்டு முன்திண்ணை) பதினாறு விளக்கு மாட்டினார். விமானமே இறங்கலாம்.

உண்மை மூன்று: நேற்று முதல் மழை. ரப்பர் தோட்டத்திலிருந்து முப்ளி வண்டு கிளம்பிவிட்டது. உளுந்தளவுக் கறுப்புப் பூச்சி. அந்தி மயங்கினால் வெளிச்சத்தைத் தேடி ஆயிரக்கணக்கில் வரும். நசுக்கினால் நாறும், தோலில் பட்டால் எரியும்.

27-ஆம் தேதி மாதாகோயில் வார்டுப் பிரார்த்தனை எங்கள் வீட்டில். நாற்பது பேர் வருவார்கள். சாச்சன் மம்மியிடம் சொன்னார்: "நம்மளையும் ஊர்க்காரனா நாலு பேரு பாக்கட்டும்டீ. அதுவும் சரிப்படலேன்னா கம்பெனிக்கு சரின்னு சொல்லிடுறேன்."

மம்மியின் தேனீப் பெட்டிகள் முற்றத்தில் இருப்பதால் மருந்து அடிக்க முடியாது. இயற்கை முறையில் வண்டை விரட்டும் பொறுப்பை நான் ஏற்றேன். பள்ளி நூலகப் புத்தகம் கையில் இருக்கிறது.

ஏப்ரல் 16

முதல் முறை: எலுமிச்சையைப் பாதியாக வெட்டிக் கிராம்பு குத்தி, சுற்றிலும் முப்பத்திரண்டு துண்டு. வண்டுகள் அவற்றின்மேல் உட்கார்ந்து இளைப்பாறின.

"கொச்சே, விருந்தாளிக்கு நாற்காலியா?" என்றார் சாச்சன். (கொச்சு என்றால் பிள்ளை.)

ஏப்ரல் 18

பூண்டுத் தண்ணீர் தெளித்தேன். வண்டு வந்தது. தபால்காரர்தான் கேட்டோடு நின்றுகொண்டார்.

ஏப்ரல் 20

புகை. தேங்காய் மட்டையோடு கம்யூனிஸ்ட் பச்சை என்கிற காட்டுச் செடியையும் போட வேண்டுமாம். சாச்சன் பரம்பரைக் காங்கிரஸ். "என் முற்றத்துல கம்யூனிஸ்டா!"

"எரிக்கத்தானே போறோம்?" என்றார் மம்மி. உடனே அனுமதி கிடைத்தது.

நாங்கள் மூவரும் இருமினோம். வண்டுகளுக்கு நல்ல நுரையீரல்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில், எதிர்வீட்டுக் குரியாச்சன் (வார்டுத் தலைவர்) எல்லார் முன்னாலும் சாச்சனிடம் சொன்னார்: "தொம்மச்சா, உன் வீட்டு வெளிச்சத்துலதான் நாங்க இப்ப பேப்பரே படிக்கிறோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சாச்சனும் சிரித்தார் – கொஞ்சம் தாமதமாக.

ஏப்ரல் 23

உண்மையே எழுதுவேன் என்றேனே, ஒன்றை மறைத்துவிட்டேன்.

எலுமிச்சை வேண்டாம், பூண்டு வேண்டாம். இந்த மூன்று வாரமும் அந்தியில் விளக்கை அணைத்தால் போதும். இந்த மலையில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம். தோட்டத்து ஓரம் தள்ளி ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, கீழே தண்ணீர்ப் பாத்திரம் வைப்பார்கள். போன வருடம்வரை நாங்களும் அப்படித்தான். இந்த மலைக்கு வண்டு வந்ததே சாச்சன் குவைத் போன பிறகு; அவர் லீவில் வந்ததெல்லாம் கிறிஸ்துமஸுக்குத்தான்.

"சொல்லிடலாமே மம்மி?"

"நீ போய்ச் சொல்லேன் பாப்போம். அங்க வெயில்ல நின்னு ஆசைப்பட்டு வாங்கினது. அணைங்கன்னு சொன்னா, உங்களுக்கு இந்த ஊரு தெரியாதுன்னு சொன்ன மாதிரிதானே?"

அப்படியானால் நான் செய்துகொண்டிருப்பது விஞ்ஞானமா? வெறும் மரியாதை. கிராம்பு குத்திய மரியாதை.

ஏப்ரல் 27

ஆறரைக்குப் பிரார்த்தனை தொடங்கியது. பதினாறும் எரிந்தன. ஜெபமாலை மூன்றாம் பத்து வருவதற்குள் பாதிரியாரின் புத்தகத்தில் எழுத்துகள் நடக்க ஆரம்பித்தன. குரியாச்சனின் வழுக்கையில் ஏழெட்டு. ஒருத்தரும் வண்டைத் தட்டிவிடவில்லை. அசையாமல் "அருள்நிறைந்த மரியே" சொன்னார்கள். அந்த மரியாதையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. சாச்சன் துண்டை வீசி வீசி, முகமெல்லாம் வியர்த்து... ஐயோ, நாளைக்கே பெட்டி கட்டிடுவாரே!

எழுந்து கத்திவிட்டேன். "சாச்சா, லைட்ட அணைங்க! எல்லார் வீட்லயும் அணைப்பாங்க. உங்களுக்குத்தான் தெரியாது!"

ஜெபத்தில் மரியாள்கூட நின்றுவிட்டாள்.

"எல்லார் வீட்லயுமா?" என்று கேட்டார் சாச்சன்.

"ஆமா எடோ," என்றார் குரியாச்சன். "போன வருஷம் இந்த வீட்லயும்."

சாச்சன் யாரையும் பார்க்கவில்லை. சுவரருகே போய் நான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். கும்மிருட்டு. மம்மி தோட்டத்து ஓரத்தில் விளக்கைத் தொங்கவிட, வண்டுகள் கட்சி மாறின.

இருட்டில் குரியாச்சன் குரல்: "இனிமே தைரியமா தூங்கலாம். பாதிரியச்சனுக்குத் தெரியாது."

"குரல் தெரியுதே குரியாச்சா," என்றார் பாதிரியார்.

நான்காம் பத்து வீட்டுக்காரர் சொல்ல வேண்டியது. சாச்சன் பதற்றத்தில் பத்துக்குப் பதிமூன்று சொன்னார். "மூணு போனஸ்!" என்று யாரோ சொல்ல, இந்த முறை முதலில் சிரித்தது சாச்சன்தான்.

வழக்கமாகக் காப்பி குடித்ததும் கிளம்புகிறவர்கள் எட்டு மணிவரை உட்கார்ந்து, இருட்டில் மீன் முள்ளைத் தடவித் தடவி எடுத்துக் கப்பைக்கிழங்கு தின்றார்கள்.

ஏப்ரல் 28

பகல் முழுக்கச் சாச்சன் தோட்டத்திலேயே சுற்றினார். சாயங்காலம் வந்து கேட்டார்: "உனக்கு எப்போலேந்து தெரியும்?"

"பொறந்ததுலேந்து."

"அப்ப அந்த எலுமிச்சம்பழமெல்லாம்?"

"மரியாதைக்கு."

முறைத்தார். பிறகு புரையேறும்வரை சிரித்தார்.

ஏப்ரல் 30

சாச்சன் போனில்: "இல்ல சார், வர முடியாது. இங்க கொஞ்சம் வேலை இருக்கு."

என்ன வேலை என்று மம்மி கேட்கவில்லை. இரண்டு முட்டை பொரித்தார்.

மே 3

மழை விட்டு அந்தி. எதிரே குரியாச்சன் வீட்டு வாசலில் மறந்துபோய் ஒரு விளக்கு எரிகிறது. சாச்சன் இங்கிருந்தே கத்துகிறார்: "எடோ குரியாச்சா! வண்டு வர்ற நேரம்னு தெரியாதா? நீயெல்லாம் எந்த ஊருக்காரன்யா?"

அங்கே அணைந்தது. இங்கே ஆறு மணிக்கே அணைத்தாயிற்று. எழுத வெளிச்சம் போதவில்லை.